எது அணையலாம்?

ஃபிலிம் காலத்தில் எடுத்து முடித்த நெகட்டிவுக்கு மின்சாரம் தேவைப்பட்டதில்லை. 400 அடி ரோல் ஓடி முடிந்தால் ஏறக்குறைய நாலரை நிமிடப் படம். கேமரா உதவியாளர் கறுப்புப் பைக்குள் கைவிட்டு அதைக் கழற்றுவார். டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, வெயில் படாமல் வைப்பார். அது வடபழனி லேபுக்குப் போய்ச் சேரும். நான் படப்பிடிப்புத் தளத்துக்கு வேலைக்கு வந்தபோது அந்தப் பழக்கம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. 2010இல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா கேமரா வந்தபின் சில ஆண்டுகளிலேயே கோடம்பாக்கம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. டப்பாவின் இடத்துக்குக் கார்டு வந்தது. அந்தக் கார்டை வாங்கி, காப்பி எடுத்து, ஒவ்வொரு கோப்பும் அசலோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, “இதை ஃபார்மேட் பண்ணிக்கலாம்” என்று சொல்லும் பொறுப்பு டி.ஐ.டி. என்கிற எங்கள் வேலைக்கு வந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது என் தொண்டை இன்றும் கொஞ்சம் இறுகும். அதைச் சொன்னபின் கார்டு வெறுமையாகிவிடும். காலை ஐந்து மணிக்கு மேக்கப் போட்டுக்கொண்ட நடிகர்களும், மழையில் கேபிள் இழுத்த லைட்மேன்களும், கிரேன் தள்ளியவர்களும் சேர்ந்து உண்டாக்கிய காட்சி, அதற்குப்பின் என் மேசையில் உள்ள டிஸ்குகளில் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் மேசை சக்கரம் வைத்த ஒரு வண்டி. மேல்தட்டில் லேப்டாப்பும் மானிட்டரும், நடுத்தட்டில் கார்டு ரீடரும், பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு பெட்டியும், அடித்தட்டில் யுபிஎஸ். பார்க்கிறவர்கள் கண் மேல்தட்டோடு நின்றுவிடும். என் தொழிலில் பாதியை நான் அடித்தட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

“கரண்ட் போனா என்ன, கார்டுலதான் எல்லாம் இருக்கே, திரும்பக் காப்பி போட்டுக்கலாமே” என்று கேட்கிறவர்கள் உண்டு. கார்டில் இருப்பது பத்திரம்தான். அதிலுள்ள ஃபிளாஷ் மெமரிக்கு மின்சாரம் இல்லாமலே நினைவிருக்கும். ஆபத்து இருப்பது காப்பி போய்ச் சேரும் இடத்தில். எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்கில் இன்றைய காட்சி மட்டுமா இருக்கிறது? நேற்றையதும் முந்தாநாளையதும் அதில்தான் இருக்கின்றன. மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்க வேண்டும் என்பதற்காக அந்த டிஸ்குகளை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்கிறோம். அந்த முறையில் ஜர்னல் கிடையாது. அதாவது, பாதியில் நின்றுபோன வேலையைப் பற்றிய குறிப்பு எதுவும் அதில் எழுதப்படுவதில்லை. எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையே குலையக்கூடும். அப்போது இன்றைய கார்டு கையில் இருக்கும். நேற்றைய டிஸ்க் திறக்காது. நேற்றைய கார்டோ எப்போதோ கேமராவுக்குத் திரும்பிப் போயிருக்கும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் நான் உதவியாளராகச் சேர்ந்த சீனியர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். லொக்கேஷனில் வண்டியை இறக்கியதும், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஜெனரேட்டர் ஆபரேட்டரைத் தேடிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். “இன்னிக்கு என்னென்ன லைட்டுண்ணே?” என்று கேட்பார். அன்று எந்த ஃபேஸில் எவ்வளவு சுமை ஏறப்போகிறது என்பது அந்த டீ முடிவதற்குள் தெரிந்துவிடும்.

அதன் அருமை எனக்குப் புரிந்தது ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடந்த இரவுப் படப்பிடிப்பில். நிலவொளி வேண்டும் என்று 18 கிலோவாட் எச்.எம்.ஐ. விளக்கை கிரேனில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் படத்துக்குத் தயாரிப்புத் தரப்பிலிருந்து எங்களுக்குக் கொடுத்திருந்தது, அலுவலகங்களில் மேசைக்கடியில் கிடக்குமே, அந்த வகைச் சாதாரண யுபிஎஸ். வெளியிலிருந்து வரும் மின்சாரம் சரியாக இருக்கும்வரை அதை அப்படியே உள்ளே விடும். கெட்டால் பேட்டரிக்கு மாறும். மாறுவதற்குச் சில மில்லி செகண்ட் ஆகும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்துக்கு இது போதும்.

ஜெனரேட்டர் மின்சாரத்தின் குணம் வேறு. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஜெனரேட்டர் தன் எஞ்சின் வேகத்திலிருந்துதான் தருகிறது. பெரும்பாலான செட்டுகளில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று. பெரிய விளக்கு ஒன்று எரியத் தொடங்கியதும் எஞ்சின் ஒரு கணம் திணறும், வேகம் இறங்கும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் கூட்டி மேலே இழுக்கும். சற்று அதிகமாக ஏறி மறுபடி இறங்கும். விளக்குகளுக்கு இது பொருட்டில்லை. எங்கள் யுபிஎஸ்ஸோ ஒவ்வொரு முறையும் அதைக் கெட்ட மின்சாரம் என்று கணக்குப் போட்டு பேட்டரிக்குத் தாவியது. ‘டக்’. சில விநாடி கழித்துத் திரும்பியது. ‘டக்’. விளக்கை இடம் மாற்றும்போதெல்லாம், அணைத்து ஏற்றும்போதெல்லாம் அந்தச் சத்தம். முன்னிரவில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்ணன் மட்டும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அதன் அருகில் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது ராத்திரி பூரா பேட்டரியைத் தின்னுக்கிட்டே இருக்கு. சார்ஜ் ஏற விடல. நிஜமா கரண்ட் போறப்ப இதுக்குள்ள ஒண்ணும் இருக்காது” என்றார்.

கையோடு காப்பி வேலையை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த கோப்பு முடியும்வரை காத்திருந்து, டிஸ்குகளை முறையாக வெளியேற்றி, கார்டை உறையில் போட்டு, உறைமேல் சிவப்பு டேப் ஒட்டினார். கேமரா உதவியாளரிடம் போய், “மிச்ச கார்டை வச்சு ஓட்டிக்கோங்க, விடியக்காலைல தரேன்” என்றார். இரண்டு மணிவாக்கில் டீசல் நிரப்புவதற்காக ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். தோப்பு முழுக்க இருட்டு. யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எங்கள் டிஸ்குகள் அப்போது பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

அன்று இரவு கற்ற பாடம் இதுதான்: மாற்று மின்சாரம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதல்ல, எந்த மாதிரி மின்சாரத்தின்மேல் அது உட்காரப்போகிறது என்பது. ஜெனரேட்டரோடு வாழ ஆன்லைன் யுபிஎஸ்தான் வேண்டும். அது வெளியிலிருந்து வரும் ஏசியை டிசியாக மாற்றி, அந்த டிசியிலிருந்து புதிதாக ஏசி செய்து தருகிறது. இன்புட் ஏறினாலும் இறங்கினாலும் நம் பக்கம் ஒரே சீராக ஓடும். மின்சாரம் போனாலும் மாறுவதற்கென்று ஒரு கணம்கூடப் போவதில்லை. வோல்டேஜும் அதிர்வெண்ணும் அலையும்போது பேட்டரியைத் தொடாமல் சமாளிக்கும் வரம்பும் அதற்கு அதிகம்.

அதற்கு விலை உண்டு. காசை மட்டும் சொல்லவில்லை. கனம். இருமுறை மாற்றுவதால் வரும் வெப்பம். எந்நேரமும் சுழலும் ஃபேன். நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்ட் படங்களில் அந்த ஃபேன் சத்தத்துக்காக ஒலிப்பதிவாளர் எங்களைத் தளத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிடுவார். அவர் செய்வது நியாயம். தள்ளி உட்கார்ந்தால் மின்சாரக் கேபிள் நீளும். நீண்டால் வோல்டேஜ் இறங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரை 200 மீட்டர் இழுத்தால், போக வர 400 மீட்டரின் மின்தடை ஏறக்குறைய 3 ஓம். ஐந்து ஆம்பியர் எடுத்தால் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின், எங்களுக்கென்று தடித்த கேபிள் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வண்டியிலேயே சுற்றி வைத்துக்கொண்டோம்.

நான் தனியாக வண்டி கட்ட ஆரம்பித்தபோது முதலில் வாங்கியது யுபிஎஸ் அல்ல. சென்னை ரிட்சி தெருவுக்குப் போய், பிளக்கில் செருகி வாட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கினேன். வீட்டில் வண்டியை முழுதாக இணைத்து, படப்பிடிப்பில் செய்வதுபோலவே வேலை கொடுத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். எல்லாம் ஓடும்போது 450 வாட்டைத் தொட்டது. கலர் மானிட்டரை அணைத்து, எடிட்டிங்குக்காகச் சின்னக் கோப்புகளாக மாற்றும் வேலையையும் நிறுத்திவிட்டு, காப்பி மட்டும் ஓடவிட்டேன். முள் 250க்கு வந்து நின்றது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எனக்குப் பதில் இருந்தது. மின்சாரம் போன நேரத்தில் மானிட்டர் எதற்கு? கோப்பு மாற்றும் வேலை நாளைக்கு நடக்கட்டும். காப்பியும் சரிபார்ப்பும்தான் அணையக்கூடாதவை.

அதன்பின் வண்டியில் இரண்டு வரிசையாகப் பிளக் பாயின்ட் வைத்தேன். சிவப்பு டேப் ஒட்டியது யுபிஎஸ் வழியாக வருவது: ரெய்டு, கார்டு ரீடர், டிஸ்குகள், லேப்டாப். நீல டேப் ஒட்டியது நேரடியாக ஜெனரேட்டரிலிருந்து வருவது: பெரிய மானிட்டர், ஃபேன், செல்போன் சார்ஜர்கள். யார் வந்து “ஒரு பாயின்ட் கிடைக்குமா சார்” என்று கேட்டாலும் நீலத்தில் செருகச் சொல்வேன். சிவப்பைத் தொட இயக்குநருக்கும் அனுமதி இல்லை.

அடுத்து நிமிடக் கணக்கு. கடையில், “ஒரு கேவிஏ சார், உள்ள மூணு பேட்டரி, ஒரு மணி நேரம் நிக்கும்” என்றார்கள். காகிதத்தில் அது சரிதான். 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி மூன்று சேர்ந்தால் 252 வாட் அவர்; என் சுமை 250 வாட். அந்த 7 ஏ.எச். என்பது இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. ஒரே மணி நேரத்தில் உறிஞ்ச முயன்றால் ஈய பேட்டரி அதில் அறுபது சதவீதத்தைச் சுற்றித்தான் தரும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் அரை மணி நேரம். புது பேட்டரிக்கே இந்தக் கணக்கு. ஈய பேட்டரிக்குப் பிடித்தது 25 டிகிரி; அதற்குமேல் பத்து டிகிரி தொடர்ந்து கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏப்ரல் மாதம் காரைக்குடியில் மூடிய வேனுக்குள் நாள்முழுக்க நிற்கும் பேட்டரியை நினைத்துப் பாருங்கள்.

அரை மணி நேரம் போதுமா? அதற்கு என் வேலையின் மிக நீண்ட அடி எது என்று பார்க்க வேண்டும். 512 ஜிபி கார்டை, விநாடிக்கு 180 எம்பி எழுதும் ஒற்றை ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி போட முக்கால் மணி நேரம் ஆகும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு முக்கால் மணி. பேட்டரியை இரட்டிப்பாக்கினாலும் பற்றாது. அப்போதுதான் காசை வேறு பக்கம் செலவழித்தேன்: முதல் காப்பி போகும் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினேன். அதே கார்டு பதினைந்து இருபது நிமிடத்தில் ஏறி முடிந்தது. சுழலும் டிஸ்குகளுக்கான காப்பியை அதிலிருந்து சாவகாசமாக எடுத்தால் போதும். வேலையின் நீளத்தைக் குறைப்பதும் மாற்று மின்சாரம்தான் என்பதை எந்த யுபிஎஸ் கடையிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

யுபிஎஸ் வேறொரு விதத்திலும் வண்டியைக் காத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் பாடல் காட்சி. மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலுமாக ஜெனரேட்டரிலிருந்து கேபிள் வந்து ஒரு பெட்டியில் பிரிகிறது. அந்தப் பெட்டியில் நியூட்ரல் போல்ட் தளர்ந்து கழன்றுவிட்டது. நியூட்ரல் போனால் ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ள சுமைகள் ஒன்றோடொன்று தொடராகச் சேர்ந்துகொள்ளும்; சுமை குறைந்த பக்கம் 230 வோல்டுக்குப் பதில் 300, 350 என்று ஏறும். மேக்கப் அறையில் பல்புகள் பளீரென்று எரிந்து வெடித்தன. நீல வரிசையில் இருந்த என் மானிட்டரின் அடாப்டர் கருகியது. யுபிஎஸ் ஒரு முறை கூவிவிட்டு, உள்ளே ஃபியூஸ் போய், பேட்டரியில் ஓடத் தொடங்கியது. சிவப்பு வரிசையில் ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த காப்பியை முடித்து, சரிபார்த்து, நிதானமாக அணைத்தேன். அதன்பின் எந்த லொக்கேஷனிலும் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் பார்க்காமல் நான் பிளக்கைச் செருகுவதில்லை. லைட்மேன் சீஃபிடம் கேட்டு, விளக்குச் சுமை ஏறாத ஃபேஸில் தனி பாயின்ட் வாங்கிக்கொள்வேன். மரியாதையாகக் கேட்டால் மறுத்தவர் யாருமில்லை.

எந்த யுபிஎஸ்ஸும் உதவாத இடங்களும் உண்டு. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் போகும். ஜெனரேட்டர் வண்டி போக வழியில்லை. 1964 புயலில் அழிந்த அந்த ஊரின் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நாங்கள் படம் பிடித்தது அந்தக் காலத்தில். விளக்கு இல்லை, தெர்மாகோலும் ரிஃப்ளெக்டரும்தான். கேமரா தன் பேட்டரியில் ஓடியது. எனக்கென்று ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வேனில் ஏற்றித் தருவதாக மேனேஜர் சொன்னார். உப்புக் காற்று, பறக்கும் மணல், சீரில்லாத மின்சாரம், வேனுக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க். அன்று அண்ணனும் கூட வந்திருந்தார். “இங்க திறக்கவே வேணாம் தம்பி. கார்டு அதிகமா எடுத்துக்குவோம். ரொம்பினதைப் பூட்டி வை. ராமேஸ்வரம் போய்ப் போட்டுக்கலாம்” என்றார்.

அந்தப் படத்துக்குக் கூடுதல் கார்டுகளை வாடகைக்கு எடுக்கச் சொல்லி மேனேஜரிடம் வாதாடியவரும் அவரே. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் கார்டுகளை அடுக்கி, என் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். எழுதி முடித்த கார்டு, ஃபிலிம் டப்பா மாதிரியே மின்சாரம் கேட்காமல் இருக்கும். அந்த அமைதியை நாமாக ஏன் கலைக்க வேண்டும்? இரவு லாட்ஜில் ஆன்லைன் யுபிஎஸ்ஸைச் செருகி, வேலையைத் தொடங்கினேன்.

இன்று லித்தியம் வந்துவிட்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் உள்ள 1000 வாட் அவர் பவர் ஸ்டேஷன் ஒன்று பன்னிரண்டு கிலோ சுமாரில் கிடைக்கிறது. என் 250 வாட் சுமையை மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்கும். ஈய பேட்டரி சில நூறு ஆழ்ந்த சுற்றுகளில் தளர்ந்துவிடும். இது ஆயிரக்கணக்கில் போகும். இதை நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன், இரண்டு எச்சரிக்கைகளோடு. முதலாவது, யுபிஎஸ் வசதி உண்டு என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது மாறும் நேரத்தைப் பாருங்கள். சில மாடல்களில் 20, 30 மில்லி செகண்ட் ஆகும். உள்ளே பேட்டரி உள்ள லேப்டாப் அதை உணராது. ரெய்டு பெட்டி அணைந்து மறுபடி எழுந்துவிடலாம். அதனால் பவர் ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சாரத்தைச் சின்ன ஆன்லைன் யுபிஎஸ் ஒன்றின் வழியாக ரெய்டுக்குத் தருகிறேன். இரண்டாவது, வெளிநாட்டுப் பாடல் காட்சிக்கு இதைப் பயணியர் விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. 100 வாட் அவர் வரையுள்ள லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு, அதற்குமேல் இல்லை. கேமராக்காரர்களின் வி-மவுன்ட் பேட்டரிகள் பல 98 வாட் அவரில் நிற்பது இதனால்தான். அப்படிப்பட்ட பயணத்தில் நான் ரெய்டை வீட்டில் விட்டுவிட்டு, லேப்டாப், எஸ்எஸ்டிகள், சில வி-மவுன்ட் பேட்டரிகள் என்று வேலையையே சுருக்கிக்கொள்கிறேன். குளிர் நாடென்றால் இன்னொன்றும் உண்டு: பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. இரவு அறைக்குள் கொண்டுவந்து சூடு ஏறியபின்தான் செருக வேண்டும்.

இப்போது என்னிடம் உதவியாளர்களாக வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த மாடல் வாங்கலாம் அண்ணா?” என்பதுதான். நான் அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறேன். வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதி, எதிரில் அது எடுக்கும் வாட்டை அளந்து எழுதச் சொல்கிறேன். மூன்றாவது பத்தியில் ஒரே கேள்வி: இது அணையலாமா? பெரும்பாலானவற்றுக்கு ‘அணையலாம்’ என்ற பதில்தான் வரும். மிச்சமிருக்கும் சிலவற்றுக்கு மட்டும் எவ்வளவு செலவானாலும் சரி, மிகச் சிறந்த மின்சாரம். அந்தத் தாளோடு கடைக்குப் போனால் எந்த மாடல் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

தயாரிப்பாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். லொக்கேஷன் பார்க்கப் போகும் நாளில் கேமராமேனோடும் ஆர்ட் டைரக்டரோடும் எங்களையும் அழைத்துப் போங்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்கும், கேபிள் எந்த வழி வரும், எப்போது டீசல் நிரப்புவார்கள் என்பதை அன்றே பேசிக்கொண்டால், நாங்கள் கேட்கும் தொகை ஒரு நாள் கால்ஷீட் செலவில் சிறு துளியாகத்தான் இருக்கும். யுபிஎஸ்ஸைப் படத்தின் உபகரணப் பட்டியலில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். லென்ஸ் வழியாக உள்ளே வந்த ஒவ்வொரு முகமும் தியேட்டர் திரையைத் தொடுவதற்கு முன் இந்தப் பெட்டி தாங்கும் சில நிமிடங்களைக் கடந்தாக வேண்டும்.